கொயினா விளைந்த நடுவட்டம்

நீலகிரி என்றவுடன் உதகமண்டலமும் குன்னூரும் கோத்தகிரியும் நம் நினைவிற்கு வருகின்றன. மலர்க்காட்சி காணவும், கோடை வெப்பத்தினின்று சில நாள் தப்பியிருக்கவும் ஆண்டுதோறும் பெருந்திரளான மக்கள் அங்குச் செல்கின்றனர். அவர்களுள் பலர் உதகையிலிருந்து கூடலூர் வழியாக மைசூருக்குப் போகும் பாதையில் நடுவட்டம் என்னும் சிற்றூரைக் கடந்து செல்கின்றனர். ஒரு குவளைத் தேநீர் அருந்தும் நேரத்திற்கு மேல் அங்குத் தங்குவோர் மிகச் சிலரே. ஒரு காலத்தில் இவ்வூர்த் தோட்டங்களில் உரித்த மரப்பட்டை லண்டன் ஏலத்தில் விலைபோயிற்று என்பதும், இங்கே ஒரு மருந்துத் தொழிற்சாலை நடந்தது என்பதும் அவ்வழியே செல்வோருக்குத் தெரிய நியாயமில்லை.

ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் நீலகிரிப் பக்கம் கல்விச் சுற்றுலா செல்லும்போது நடுவட்டத்தில் அரை நாளேனும் தங்குதல் நன்று என்று நாம் கருதுகிறோம். ஓர் ஊர் ஒரே பயிரையும் ஒரே எசமானனையும் நம்பி எழும்பினால் அதற்கு என்னென்ன நேரும் என்பதை நூற்றறுபது ஆண்டுக் கணக்கோடு காட்டும் ஊர் இது. அக்கணக்கில் நன்மையும் உண்டு, நட்டமும் உண்டு. இரண்டையும் உள்ளபடி சொல்ல முற்படுவோம்.

உதகையிலிருந்து மேற்கே பேருந்தில் புறப்பட்டால் சுமார் இருபது கிலோமீட்டரில் பைக்காரா வருகிறது. 1932 முதல் மின்சாரம் தந்துவரும் நீர்மின் திட்டத்தால் பைக்காராவின் பெயரைத் தமிழ்நாடு முழுவதும் அறியும். அதனையும் கடந்து சென்றால், உதகையினின்று முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் நடுவட்டம் இருக்கிறது. நிர்வாகத்தில் இது ஒரு பேரூராட்சி. தோற்றத்தில் மலைச்சரிவை ஒட்டி நீண்டு கிடக்கும் ஒரு கடைத்தெருவும், அதனைச் சூழ்ந்த தோட்டக் குடியிருப்புகளுமே. கடல் மட்டத்திற்கு ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். நீலகிரிப் பீடபூமியின் மேற்கு விளிம்பு இங்கேதான் முடிகிறது. இதற்கப்பால் மலை கிடுகிடுவென இறங்கிக் கூடலூரில் கால் ஊன்றுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று முதலில் மோதும் முகடாதலின் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் மூடுபனியும் ஓய்வதில்லை. வானம் தெளிந்த நாளில் ஊருக்குக் கீழேயுள்ள ஊசிமலையில் நின்று பார்த்தால் கூடலூர்ப் பள்ளத்தாக்கும், அதற்கப்பால் வயநாட்டுக் காடுகளும், முதுமலைப் புறமும் பரந்து தெரியும்.

அந்தப் பள்ளத்தாக்கை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவட்டத்தின் கதை அதிலிருந்துதான் தொடங்குகிறது. இன்று தேயிலையும் காப்பியும் மிளகும் விளையும் அந்நிலம் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை குளிர்சுரத்திற்குப் பேர்போனது. காப்பித் தோட்டம் போடச் சென்றோரும், 1880-ஐ ஒட்டித் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தங்கம் தோண்டச் சென்றோரும், அவர்களிடம் கூலிக்குச் சென்ற சமவெளி மக்களும் அங்குக் காய்ச்சலில் விழுந்து மடிந்தனர். நாட்டுப்புறத்தில் முறைக்காய்ச்சல் என்றும் மலைக்காய்ச்சல் என்றும் வழங்கிய மலேரியாவே அது. அதன் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். அவ்வாண்டில் அவரும் நீலகிரியின் சீகூர்ப் பள்ளத்திற்கு ஆய்வுக்காகச் சென்றபோது அக்காய்ச்சலுக்கு ஆளானார். காரணம் அறியாத காலத்திலும் மருந்து மட்டும் ஒன்று தெரிந்திருந்தது. அதுவே நம் மக்கள் கொயினா என்று வழங்கிய குவினைன்.

மரம் வந்த வழி

கொயினா சின்கோனா என்னும் மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. அம்மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடர். அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் பட்டை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றுகொண்டிருந்தது. மரத்தை வெட்டிப் பட்டையை உரித்துக் கொண்டார்களேயன்றி மீண்டும் நட்டாரில்லை. பட்டை அருகிற்று, விலை ஏறிற்று. இந்தியாவில் படைவீரருக்கும் உத்தியோகஸ்தருக்கும் கொயினா வாங்குவதில் பெரும்பொருள் செலவிட்டு வந்த ஆங்கில அரசாங்கம், மரத்தையே இங்குக் கொணர்ந்து பயிரிடத் துணிந்தது.

1860-இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் என்பவர் பெரு நாட்டிற்குச் சென்று கன்றுகள் சேகரித்தார். அதே ஆண்டில் ரிச்சர்டு ஸ்புரூஸ் என்னும் தாவர அறிஞர் ஈக்வடாரில் சிம்பராசோ மலைச்சரிவில் சிவப்புப் பட்டை இனத்தின் விதைகளையும் கன்றுகளையும் திரட்டினார். பெருவில் சேகரித்த கன்றுகள் நெடும்பயணத்தின் வெப்பத்தில் பட்டுப்போயின. சிவப்புப் பட்டை விதைகளும் கன்றுகளும் 1861-இல் உதகையை அடைந்தன. அவற்றை ஏற்றுப் பேணியவர் உதகை அரசாங்கத் தோட்டத்தின் மேற்பார்வையாளர் வில்லியம் மக்கைவர். இன்று நாம் காணும் உதகைத் தாவரவியல் பூங்காவை உருவாக்கியவரும் அவரே. தொட்டபெட்டாவின் குளிர்ந்த சரிவில் ஓர் இனமும், அதனினும் தாழ்ந்து சற்று வெதுவெதுப்பாய் உள்ள நடுவட்டத்தில் சிவப்புப் பட்டை இனமும் நன்கு வருவதைக் கண்டார். 1862 முதல் நடுவட்டத்தில் சோலைக்காடு திருத்தப்பட்டுத் தோட்டம் எழுந்தது. ஊரும் அதனுடன் எழுந்தது.

விதை பிற நாட்டு மலைகளிலிருந்து அந்நாட்டார் விருப்பத்திற்கு மாறாக எடுத்து வரப்பட்டது என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. அதன் பயனை நம் நாட்டு மக்களும் பெற்றனர். ஆண்டீஸ் மலைவாசிகள் அடைந்தது ஒன்றுமில்லை.

மக்கைவர் கையாண்ட ஒரு முறை உழவர்களுக்குச் சுவையாக இருக்கும். மரத்தை அடியோடு வெட்டினால் மறு அறுவடைக்குப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே அவர் நிற்கும் மரத்தில் பட்டையை நீளவாக்கில் கீற்றுக் கீற்றாக, ஒன்று விட்டு ஒன்றாக உரித்தார். உரித்த இடத்தின் மீது ஈரப் பாசியை வைத்துக் கட்டினார். வெயில் படாமல் பாசிக்குள் புதுப்பட்டை வளர்ந்தது. அப்புதுப்பட்டையில் பழைய பட்டையைக் காட்டிலும் மருந்துச் சத்து மிகுந்திருந்தது! அடுத்த முறை எஞ்சிய கீற்றுகளை உரித்துக்கொள்ளலாம். பின்னாளில் அடியில் வெட்டி மறுதாம்பு விடும் முறையும் கைக்கொள்ளப்பட்டது. கரும்பில் மறுதாம்பு கண்ட நம் விவசாயிகளுக்கு இது புரியாத செய்தி அன்று.

கைதிகளின் உழைப்பு

காடு திருத்த ஆள் வேண்டும். அக்காலத்தில் அந்த முகட்டில் குடியேறிக் கூலி வேலை செய்யச் சமவெளி மக்கள் எளிதில் முன்வரவில்லை. அரசாங்கம் சிறைக் கைதிகளைக் கொணர்ந்தது. அவர்களுள் சீனரும் இருந்தனர். அபினிப் போரில் பிடிபட்ட வீரர்கள் என்று அவர்களைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. மலாய்க் கரையிலிருந்த ஆங்கிலக் குடியேற்றங்களில் சிறையிடம் போதாமையால் சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்டவர்கள் என்று அரசுப் பதிவுகள் கூறுகின்றன. எவ்வாறாயினும், நடுவட்டத் தோட்டத்தில் அவர்கள் கை உழைத்தது உறுதி.

விடுதலை பெற்றபின் அவர்களில் சிலர் தாயகம் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களை மணந்து இப்பகுதியிலேயே குடியமர்ந்தனர். காய்கறி பயிரிட்டும், சிறு அளவில் காப்பி வைத்தும், பசு வளர்த்தும் நேர்மையாகப் பிழைத்தனர் என்று 1909-இல் வெளிவந்த தம் நூலில் எட்கர் தர்ஸ்டன் எழுதியுள்ளார். மலைச்சரிவில் காய்கறி விளைவிப்பதில் தேர்ந்த அந்தக் குடும்பங்கள் பெருந்தோட்டத்தின் ஒற்றைப் பயிரை நம்பியிருக்கவில்லை. சிறையிலிருந்து வெறுங்கையோடு வெளிவந்தவர்கள் அமைத்துக்கொண்ட அச்சிறு பண்ணை முறை, அரசாங்கம் பெரும் பொருட்செலவில் நிறுவிய தோட்டத்தைவிட ஒரு வகையில் உறுதியானது என்றே நமக்குத் தோன்றுகிறது. காய்கறிக்கு உள்ளூரிலேயே வாங்குவோர் இருந்தனர். பட்டைக்கோ கடல் கடந்த ஏலம் ஒன்றே கதி.

ஏழைக்கு மருந்தா, ஏலத்திற்குச் சரக்கா?

சின்கோனாப் பட்டையில் கசப்புச் சத்து ஒன்றன்று. குவினைன், குவினிடின், சிங்கோனிடின், சிங்கோனின் என முக்கியமானவை நான்கு. இவற்றுள் குவினைனுக்கே சந்தையில் பெயர். மற்ற மூன்றும் காய்ச்சலுக்குப் பயன்படுமா என்று கண்டறிய 1866-இல் அரசாங்கம் ஆய்வுக்குழுக்களை நியமித்தது. சென்னை மாகாணத்தில் நோயாளிகளுக்கு நான்கு மருந்துகளையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தனர். குவினைன் ஆயிரத்தில் 7 பேருக்கும், குவினிடின் 6 பேருக்கும், சிங்கோனிடின் 10 பேருக்கும், சிங்கோனின் 23 பேருக்கும் மட்டுமே பலிக்கவில்லை. அஃதாவது நான்குமே மருந்துதான்.

இம்முடிவு நடுவட்டத்திற்கு மிகவும் வேண்டியது. ஏனெனில் அங்கு விளைந்த சிவப்புப் பட்டையில் மொத்தச் சத்து நிறைய உண்டு. அதில் குவினைனின் பங்கு குறைவு. தூய குவினைனாகப் பிரிக்காமல் நான்கையும் கலவையாகவே எடுத்தால் செலவும் குறையும், ஏழைக்கும் கட்டும். வங்காள அரசாங்கம் 1870-களில் அவ்வழியைப் பிடித்துக்கொண்டது. டார்ஜிலிங் மலையில் மங்பூ என்னும் இடத்தில் கலவைத் தூள் தயாரித்து மலிவாகக் கொடுத்தது. நீலகிரியிலும் ஜான் பிராட்டன் என்னும் இரசாயன அறிஞர் நியமிக்கப்பட்டு, 1874 வரை முயன்று பார்த்தார். ஆயினும் சென்னை அரசாங்கத்தின் கண் லண்டன் ஏலத்தின் மீதே இருந்தது. பட்டை விற்ற பணத்தால் தோட்டச் செலவு திரும்பிற்று, லாபமும் கண்டது. மலையடிவாரத்தில் காய்ச்சலில் கிடந்தவனைக் கடந்து பட்டை கப்பலேறிச் சென்று, மருந்தாகி, பன்மடங்கு விலையோடு திரும்பி வந்தது. மக்கள் நலத்திற்கென்று தொடங்கிய ஒரு பணி, வரவுசெலவுக் கணக்கில் லாபம் காட்டத் தொடங்கியதும் எவ்வளவு எளிதில் திசைமாறுகிறது என்பதை ஊராட்சித் தலைவர்கள் இங்கே கவனிக்கலாம்.

பட்டை விலை சரிந்த பிறகே நிலை மாறிற்று. இலங்கையில் 1869 முதல் இலைத்துரு நோயால் காப்பி அழிந்தபோது, அங்குள்ள தோட்டக்காரர் எல்லாரும் சின்கோனாவுக்குத் தாவினர். 1886-இல் மட்டும் இலங்கையிலிருந்து ஒன்றரைக் கோடி ராத்தல் பட்டை ஏற்றுமதியாயிற்று. எல்லாரும் ஒரே பயிரை வைத்தால் என்ன ஆகுமோ அதுவே ஆயிற்று. விலை வீழ்ந்தது, இலங்கைத் தோட்டக்காரர் சின்கோனாவைப் பிடுங்கித் தேயிலை வைத்தனர். பட்டை விற்று லாபம் இல்லையென்றான பின், 1880-களின் இறுதியில் டேவிட் ஹூப்பர் என்னும் இரசாயன அறிஞரின் மேற்பார்வைக் காலத்தில் நடுவட்டத்தில் அரசாங்கத் தொழிற்சாலை நிறுவப்பட்டது.

அத்தொழிற்சாலையில் நடந்த வேலை நம் கிராமத்தார் விளங்கிக்கொள்ளத் தக்கதே. உரித்த பட்டையை நன்றாக உலர்த்துவார்கள். மழை விடாது பெய்யும் இடமாதலால் உலர்த்துவதே பெரும்பாடு. உலர்ந்ததை இயந்திரத்தில் மாவாக அரைத்து, நீற்றிய சுண்ணாம்பும் நீரும் சேர்த்துப் பிசைவார்கள். பட்டையிலுள்ள புளிப்புப் பொருளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கசப்புச் சத்தைச் சுண்ணாம்பு பிரித்து விடுகிறது. அவ்வாறு பிரிந்த சத்து நீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே மண்ணெண்ணெய் போன்றதோர் எண்ணெயை ஊற்றிச் சூடாக்கிக் கலக்குவார்கள். சத்து எண்ணெய்க்குள் இறங்கிவிடும். சக்கை தனியே நின்றுவிடும். பிறகு அவ்வெண்ணெயோடு நீர் கலந்த கந்தகத் திராவகத்தைச் சேர்த்துக் கலக்கினால், சத்து எண்ணெயை விட்டுத் திராவகத்தில் சேர்ந்துவிடும். எண்ணெயை வடித்து மறுபடி பயன்படுத்திக்கொள்ளலாம். திராவகத்தின் புளிப்பைத் தணித்து ஆறவைத்தால் குவினைன் சல்பேட்டு வெண்பட்டு இழைபோல் படிகமாய்ப் படியும். அதனை மீண்டும் வெந்நீரில் கரைத்துப் படியவைத்துத் தூய்மை செய்வார்கள். பட்டை, சுண்ணாம்பு, எண்ணெய், திராவகம், விறகு: இவ்வளவுதான் மூலப்பொருள். விறகுக்காக நீலகிரியெங்கும் கற்பூரத்தைலமரம் நடப்பட்டதும், சோலைகள் சுருங்கியதும் அக்காலத்துச் செய்திகளே.

இவ்வாறு நம் நாட்டிலேயே தயாரான மருந்தை மக்களிடம் சேர்ப்பதற்கு ஒரு நல்ல வழி கண்டனர். வங்காளத்தில் 1892 முதல் அஞ்சல் நிலையங்களில் காலணாவுக்கு ஒரு பொட்டலமாகக் கொயினா விற்கப்பட்டது. பின்னர் சென்னை மாகாணத்திலும் அம்முறை பரவிற்று. மருத்துவமனை எட்டாத ஊரிலும் தபால் நிலையம் உண்டல்லவா? காகிதத்தில் மடித்த அந்தக் கசப்புத் தூள் பல குடும்பங்களில் உயிர்காத்தது.

விதையில் தோற்ற கதை

இத்தனை உழைப்பிருந்தும் உலகச் சந்தையில் நடுவட்டம் நிலைக்கவில்லை. தோற்கடித்தது ஒரு பிடி விதை.

பெருவில் வாணிகம் செய்துவந்த சார்லஸ் லெட்ஜர் என்னும் ஆங்கிலேயர் தம் பணியாளரான மானுவேல் இன்க்ரா மமானி என்னும் மலைவாசியிடம் உயர்ந்த இன விதை கொணருமாறு கேட்டிருந்தார். மமானி பல ஆண்டு காத்திருந்து, பொலிவியாவில் தாம் தேர்ந்த மரங்களிலிருந்து விதை திரட்டித் தந்தார். 1865-இல் அவ்விதை லண்டன் சேர்ந்தது. ஆங்கில அரசாங்கம் வாங்க மறுத்தது. ஒரு பகுதியை டச்சு அரசாங்கம் சொற்ப விலைக்கு வாங்கி ஜாவாவுக்கு அனுப்பியது. எஞ்சியதை இந்தியத் தோட்டக்காரர் ஒருவர் வாங்கினார். விதை தேடித் தந்த மமானியோ பின்னர் சிறைப்பட்டு, அடியுண்டு, உயிர் துறந்தார்.

ஜாவாவில் டச்சுக்காரர் செய்தது கவனிக்கத்தக்கது. முளைத்த மரங்களின் பட்டையை ஆய்ந்து, சத்து மிகுந்த மரங்களை மட்டும் விதைக்கென ஒதுக்கினர். மற்ற இனங்களின் மகரந்தம் வந்து கலவாதபடி அவற்றைத் தனியிடத்தில் வைத்துக் காத்தனர். அவ்வினம் வேர் வலுவற்றது என்று கண்டவுடன், நம் நடுவட்டத்தில் வளர்ந்த அதே சிவப்புப் பட்டை இனத்தின் கன்றை அடிச்செடியாக்கி, அதன்மேல் உயர்ந்த இனத்தை ஒட்டுக்கட்டினர். சாதாரணப் பட்டையில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு குவினைன் இருந்தால் பெரிது. ஜாவாவின் தேர்ந்த மரங்களிலோ பத்துப் பங்குக்கு மேலும் கிடைத்தது. ஒரே பரப்பு நிலம், ஒரே கூலி, பன்மடங்கு மருந்து! 1930-களில் உலகப் பட்டை உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜாவாவினுடையதாயிற்று. 1913-இல் அங்குள்ள தோட்டக்காரரும் ஐரோப்பிய மருந்து உற்பத்தியாளரும் உடன்படிக்கை செய்துகொண்டு விலையையும் தம் கைக்குள் வைத்துக்கொண்டனர். கொயினா விளைந்த இந்தியாவே ஜாவாக் கொயினாவை விலைகொடுத்து வாங்கிற்று.

நடுவட்டத்தில் உழைப்புக்கோ அறிவுக்கோ குறைவில்லை. மக்கைவரின் பாசி முறையைப் போன்ற நுட்பம் வேறெங்கும் இல்லை. ஆனால் எந்த மரத்திற்கு அந்த நுட்பம் என்னும் கேள்வியை டச்சுக்காரர் முதலில் கேட்டனர். வீரிய விதையையும் ஒட்டுக்கன்றையும் பற்றி நம் வேளாண்மை அலுவலர் வந்து சொல்லும்போது, தழை உரமும் பக்குவமும் போதுமே என்று எண்ணும் அன்பர்கள் இவ்வரலாற்றைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

1942-இல் ஜப்பானியர் ஜாவாவைக் கைப்பற்றியபோது உலகெங்கும் கொயினாத் தட்டுப்பாடு ஏற்பட்டது. நடுவட்டத் தோட்டங்களுக்கும், ஆனைமலையில் வால்பாறைப் பக்கம் போடப்பட்ட அரசாங்கச் சின்கோனாத் தோட்டத்திற்கும் திடீரென மதிப்பு ஏறிற்று. அஃது அணையும் விளக்கின் ஒளியே. போர்க்காலத்தில் பிற நாடுகள் தேடிய மாற்று மருந்துகள் போருக்குப் பின் மலிந்தன. குளோரோகுவின் வந்தது, கொசுவை ஒழிக்க டி.டி.டி. வந்தது. சுதந்திரத்தின்போது ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா கண்டது என்று கணக்கிடப்பட்ட நம் நாட்டில், 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய சில ஆண்டுகளில் நோய் பெரிதும் அடங்கிற்று. கூடலூரிலும் வயநாட்டிலும் மக்கள் அஞ்சாது குடியேறினர். நாட்டிற்குப் பெரு நன்மை; கொயினாவை நம்பிய மலையூருக்கோ வேலை போயிற்று.

தேயிலை வந்த பின்

சின்கோனா நின்ற நிலத்தில் தேயிலை ஏறிற்று. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, இலங்கைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தாயகம் திரும்ப வேண்டியதாயிற்று. அவர்களுக்கு வேலையளிக்கத் தமிழக அரசாங்கம் 1968-இல் வனத்துறையின் கீழ் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1976-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக உருப்பெற்றது. மக்கள் இதனை டான்டீ என்பர். இலங்கையில் காப்பி அழிந்து, சின்கோனா வந்து, அதுவும் போய்த் தேயிலை வந்தபோது அதனை நட்டவர்களின் பேரப்பிள்ளைகள், அதே பயிரை நீலகிரியில் நட வந்தார்கள். வந்தவர்களுக்குக் கூரையும் கூலியும் கிடைத்தது பெரிய காரியம். அதில் ஐயமில்லை.

எனினும் பழைய குறை தீரவில்லை. பயிர் மாறிற்று, ஒரே பயிர், ஒரே எசமானன் என்னும் அமைப்பு மாறவில்லை. தேயிலையின் பெரிய வாடிக்கையாக இருந்த சோவியத் நாடு சிதைந்தபின், 1990-களின் இறுதியில் பசுந்தேயிலை விலை வீழ்ந்து நீலகிரியின் சிறு விவசாயிகள் பட்ட துன்பம் பலரும் அறிந்தது. அரசுக் கழகமும் நட்டத்தில் வீழ்ந்தது. இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்ட நிலத்தை வனத்துறையிடமே திரும்ப ஒப்படைக்க 2022-இல் அரசு ஆணையிட்டது. காடு மீள்வது மலைக்கும் கீழேயுள்ள ஆறுகளுக்கும் நல்லதே. சோலை நின்றால்தான் ஊற்று நிற்கும் என்பதைச் சமவெளியில் வாய்க்கால் பார்த்து உழும் நாமும் உணர வேண்டும். ஆனால் அந்நிலத்தின் நடுவே லயம் எனப்படும் வரிசை வீடுகள் இருக்கின்றன. அவற்றில் மக்கள் இருக்கின்றனர்.

தோட்டத் தொழிலாளருக்கு வீடு தர வேண்டியது தோட்ட உரிமையாளரின் கடமை என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நல்ல சட்டம். ஆயின் வீடு வேலையோடு கட்டுண்டது. வேலையில் உள்ளவரைதான் வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். முப்பது, நாற்பது ஆண்டு ஒரே ஊரில் உழைத்த முதியவர், அவ்வூரில் சொந்தமென்று சொல்ல ஒரு சென்ட் மனையும் இன்றி நிற்கிறார். நிலம் தோட்டத்தினுடையதாகவோ வனத்தினுடையதாகவோ இருக்குமிடத்தில், பாதை போடவும் குழாய் பதிக்கவும் உள்ளாட்சி மன்றத்தின் கை நீளுவதில்லை. ஒவ்வொன்றிற்கும் வேறோர் அலுவலகத்தின் இசைவு வேண்டும். சமவெளி ஊராட்சிகளில் புறம்போக்கு, நத்தம், பட்டா என்று நாம் அன்றாடம் போராடுவதெல்லாம், இந்த மலையூர்களில் ஊரே அடங்கிய ஒரு பெரிய கேள்வியாக நிற்கிறது. பயிர் போனால் வேறு பயிர் வைக்கலாம். மனை இல்லாதவன் எதில் வைப்பான்? நடுவட்டத்தைப் பார்த்துவந்தபின் நம் மனத்தில் தங்கிய வினா இதுவே. தொழிற்சாலையோ சர்க்கரை ஆலையோ நூற்பாலையோ தம் எல்லைக்குள் வரும்போது மகிழ்ந்து வரவேற்கும் மன்றங்கள், தொழிலாளர் குடியிருப்பு எவர் நிலத்தில், எவர் பெயரில் எழுகிறது என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுத் தீர்மானத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ஆலை மூடியபின் கேட்டால் விடை சொல்ல அங்கு ஆளிராது.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். மழைக்காலத்தைத் தவிர்த்து டிசம்பர் முதல் மே வரை செல்லலாம். டிசம்பர், ஜனவரியில் கம்பளி இன்றியமையாதது. சின்கோனா மரங்கள் சில இன்னும் எஞ்சியுள்ளன. பளபளப்பான பெரிய இலை, முதிர்கையில் சிவக்கும், பூ மணக்கும். பழகாத கண்ணுக்கு மற்றக் காட்டு மரங்களோடு மரமாகத் தோன்றுமாதலால் உள்ளூர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்கொண்டு பார்ப்பது நலம். தோட்டத்திற்குள் நுழைய அலுவலகத்தில் முன்னதாக இசைவு பெற வேண்டும். கட்டிடங்களைப் பார்த்தபின் பேரூராட்சி அலுவலகத்திற்கும் சென்று, குடிநீர் எந்த ஊற்றிலிருந்து வருகிறது, பட்டா உள்ள வீடுகள் எத்தனை, தோட்ட நிலத்தில் உள்ளவை எத்தனை, இளைஞர்கள் எவ்வூருக்கு வேலைக்குப் போகின்றனர் என்று கேட்டறியலாம். திரும்புகையில் உதகைக்கே வராமல் கூடலூர்ப் பாதையில் இறங்கினால், சின்கோனா வளர்ந்த உயரம் எது, காய்ச்சல் இருந்த பள்ளம் எது என்பது கொண்டையூசி வளைவுகளில் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் புலப்படும்.